திரைக் குடிகாரர் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை

மகள் தான் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று சொன்னபோது லிப்ட்காரர் பெரிதாக அதிர்ந்துவிடவில்லை. பையன் அவளோடு ஒரே அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவன். நல்ல வேலை, அடக்கமான பேச்சு. வேறு மதம் என்பதைக்கூட அவர் ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு ஒருவழியாக ஜீரணித்துவிட்டார். மறுநாள் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "பையனோட அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். அதற்கு வந்த பதிலில்தான் காப்பி தொண்டையிலேயே நின்றது.

"நடிகர்ப்பா. உங்களுக்குத் தெரிஞ்ச முகம்தான்" என்று மகள் கைபேசியை நீட்டினாள்.

தெரிந்த முகம்தான். தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்கும். சட்டைக்கு வெளியே சிலுவை தொங்கும். கையில் பாட்டிலோடு தள்ளாடி வந்து, வானத்தைப் பார்த்து, "கர்த்தரே, கடைசி கிளாஸ்!" என்று கும்பிட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளும் ஆள். படத்துக்குப் படம் கதாநாயகன் மாறுவான், கதாநாயகி மாறுவாள். இவர் மட்டும் அதே பெயரில், அதே சட்டையில், அதே பாட்டிலோடு வந்து, நாலு பேரிடம் அடி வாங்கி, சாக்கடையில் விழுந்துவிட்டுப் போவார். தியேட்டரே குலுங்கும்.

லிப்ட்காரர் ஒரு சொட்டு மது தொட்டவர் இல்லை. ஆனால் லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே அவருடைய கிறிஸ்தவப் பெயரைப் படித்த மேலாளர், "கொஞ்சம் வாயை ஊதுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். விளையாட்டுக்குத்தான். அதற்குப் பிறகு டீ ஊற்றும்போதெல்லாம் யாராவது ஒருவர், "கர்த்தரே, கடைசி கிளாஸ்!" என்பார். அவரும் சிரிப்பார். பல்லைக் காட்டுவதும் பல்லைக் கடிப்பதும் தூரத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அவர் மனைவிக்கு இந்த விஷயத்தில் வாய் கொஞ்சம் நீளம். "சினிமாக்காரங்களுக்கு நம்மாளுங்கன்னா ஒண்ணு, வெள்ளை உடுப்புல செத்துப்போற நர்ஸ். இல்லன்னா ரவுடி பாவமன்னிப்பு கேக்கறப்போ தலையில கை வைக்கிற பாதிரியார். அதுவும் இல்லன்னா இந்தக் குடிகாரன். பால் கார்டு வாங்கி, பிள்ளையைத் திட்டி, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கொட்டாவி விடுற ஒரு மனுஷனை இன்னும் யாரும் படம் பிடிக்கல" என்பாள்.

அவள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் லிப்ட்காரர் பேச்சை மாற்றிவிடுவார். காரணம் இருந்தது. அவருடைய தம்பி உண்மையிலேயே குடித்தான்.

தம்பியும் லிப்ட் வேலைதான் செய்துகொண்டிருந்தான், அண்ணனின் கீழேயே. கை வேலை சுத்தமாக இருக்கும். ஒருநாள் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில், நின்றுபோன லிப்ட் பெட்டியின் கூரைமேல் அவன் போதையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். வேலை போயிற்று. அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஊர் முழுக்க, "நாங்க அப்படி இல்லீங்க" என்று சொல்லித் திரிந்த லிப்ட்காரர், சாயங்காலமானால் தன் வீட்டு வாசலில் அதே கூத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள் தம்பி நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரி, மாத்திரை, ஜெபம், அண்ணியின் திட்டு எல்லாம் சேர்ந்து வேலை செய்தது. இப்போது பின்னறையில் இருந்துகொண்டு ஒரு செடிப்பண்ணையில் வேலைக்குப் போகிறான். சர்க்கரை நோய் மட்டும் மிச்சம். அதற்கும் டாக்டர் சமீபத்தில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்.

இந்த நிலையில்தான் நடிகர் குடும்பம் சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. லிப்ட்காரர் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அந்த ஆள் வந்து உட்காருவான். சுற்றும் முற்றும் பார்ப்பான். தம்பி ஒரு வார்த்தை குழறினாலும் போதும், 'நான் நடிச்சதுல என்ன தப்பு, இதோ இருக்கானே' என்று உள்ளுக்குள் நினைப்பான். அதை நினைக்க நினைக்க லிப்ட்காரருக்குத் தூக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டைச் சுற்றி வந்தார். குலுக்கலில் விழுந்த கண்ணாடிக் கோப்பை செட் ஒன்று, பிரிக்காமலே ஷோகேஸில் இருந்தது. அது பரணுக்கு ஏறியது. குளிர்சாதனப் பெட்டியில் குடிதண்ணீர் ஊற்றி வைத்திருந்த பாட்டிலின் கழுத்து அவருக்குச் சரியாகப் படவில்லை. அது குப்பைக்குப் போயிற்று. வினிகர் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றபோது மனைவி சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வர்றது சம்பந்தியா, சோதனை போட வர்ற போலீசா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

"எனக்குத் தெரிஞ்சதை வச்சுச் சொல்றேன். வினிகர் குடிச்சு எவனுக்கும் போதை ஏறாது."

சனிக்கிழமை காலை எழுந்ததுமே தம்பி நீலச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். லிப்ட்காரர் அவனருகில் போய் நின்றார். சட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்ல தண்ணி டேங்க் ஒழுகுதாம். நீ போய்க் கொஞ்சம் பாரேன்."

"இன்னிக்கேவாண்ணே? அவங்க வர்றாங்கல்ல?"

"அவங்க வந்த கையோட போயிடுவாங்க. நீ அடுத்த தடவை பாத்துக்கலாம். டேங்க் அப்படியே விட்டா சுவர் ஊறிடும்."

தம்பி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். பிறகு சரி என்றான். அண்ணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, அக்கா வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, அதே நீலச் சட்டையோடு கிளம்பிவிட்டான். மனைவி லிப்ட்காரரை ஒரு பார்வை பார்த்தாள். வாய் பேசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

முற்பகலில் கார் வந்து நின்றது. முதலில் பையன் இறங்கினான், அடுத்து அவன் அம்மா, கடைசியில் நடிகர். லிப்ட்காரர் ஒரு கணம் தடுமாறிப்போனார். திரையில் பார்த்த ஆள் தெருவை அடைத்துக்கொண்டு வருவார். இறங்கியவரோ ஒல்லியாக, தோள் கூனி, தபால் ஆபீசில் பணி ஓய்வு பெற்ற குமாஸ்தா மாதிரி இருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார்.

அதற்குள் எதிர்வீட்டு மாடியில் நின்றிருந்த இளவட்டங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "கர்த்தரே, கடைசி கிளாஸ்!" என்று மூன்று குரல்கள் சேர்ந்து கத்தின.

நடிகர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை லிப்ட்காரர் கிட்டத்திலிருந்து பார்த்தார். எங்கேயோ பார்த்த சிரிப்பாக இருந்தது. டீ ஊற்றும் நேரத்தில் கம்பெனிக் கண்ணாடியில், தன் முகத்திலேயே பார்த்திருக்கிறார். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லாமல், "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று கும்பிட்டார்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. நடிகர் தனக்குச் சர்க்கரை இல்லாமல் கேட்டார். நடிகர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"லிப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்க என்னங்க பண்ணணும்? எனக்கு அதுல ஏறவே பயம்."

வேலையைப் பற்றிக் கேட்டதும் லிப்ட்காரருக்கு உயிர் வந்தது. "ஒண்ணும் பண்ணக்கூடாதுங்க. மணியை அடிச்சிட்டு உக்காந்திருக்கணும். கதவை நெம்பறதுதான் ஆபத்து. கயிறு அறுந்தா விழுந்துடும்னு நினைக்கிறாங்க. ஒரு கயிறு இல்லீங்க, அஞ்சாறு இருக்கும். எல்லாமே போனாலும் பெட்டி தண்டவாளத்தைக் கவ்விக்கிட்டு நின்னுடும். சினிமாவுல காட்டுறதெல்லாம் சும்மா…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி கூரையைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றார் நடிகர், காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே. "நிறைய சும்மாதான்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. லிப்ட்காரர் மெல்ல மூச்சு விட்டார். ஆனால் அடுத்த கேள்வியிலேயே அந்த மூச்சு மறுபடி நின்றது.

"உங்க தம்பி எங்கங்க? பொண்ணுக்கு சைக்கிள் கத்துக்குடுத்தது, பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போனது எல்லாம் சித்தப்பாதான்னு பையன் சொன்னான். அவரைத்தான் முதல்ல பாக்கணும்னு நினைச்சேன்."

"அவன்… தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கான். அங்க டேங்க் ஒழுகுதுன்னு…"

"இன்னிக்கா?" என்றாள் மகள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. "சித்தப்பா சட்டை எடுத்து வச்சிருந்தாரேப்பா?"

அதற்குள் வெளியே இரும்புக் கேட் படாரென்று சுவரில் மோதியது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீலச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. ஓரடி எடுத்து வைத்தான், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பூந்தொட்டியைப் பிடிக்கப் போய் அதைக் கவிழ்த்தான்.

"அண்ணே… நான்… பொண்ணோட…" நாக்கு குழறியது. "நான் வரக்… வரக்கூடாதா?"

எதிர்வீட்டு மாடியில் சிரிப்பு வெடித்தது. "டேய், ஒரிஜினலும் வந்துடுச்சுடா! கர்த்தரே, கடைசி கிளாஸ்!"

எது நடக்கக்கூடாது என்று லிப்ட்காரர் ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்தாரோ, அது வாசலில் வந்து நிற்கிறது. ஒரே தாவில் படியிறங்கிப் போய்த் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இன்னிக்குத்தானாடா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால அடக்க முடியலையா? பின்பக்கம் போ. போய்த் தொலை!"

தம்பி எதையோ சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அண்ணன் அவனை வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் இழுக்கத் தொடங்கியபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"விடுங்க. சம்பந்தி, விடுங்க அவரை!"

நடிகர் வெறுங்காலோடு இறங்கி ஓடிவந்திருந்தார். தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், முகத்தருகே குனிந்து முகர்ந்தார். மூவரும் அவ்வளவு நெருக்கமாக நின்றதில் லிப்ட்காரருக்கும் தம்பியின் மூச்சு மேலே பட்டது. வியர்வை நாற்றம் மட்டும்தான். வேறு எதுவும் இல்லை.

"இது குடி இல்லீங்க. கை பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு. சர்க்கரை இறங்கிடுச்சு." அவர் வீட்டைப் பார்த்துக் கத்தினார். "குளுக்கோஸ்! சீக்கிரம்!"

நடிகரின் மனைவி ஏற்கெனவே கைப்பையைத் திறந்துகொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். லிப்ட்காரரின் மனைவி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். தம்பியைப் படியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். "விழுங்க முடியுதா பாருங்க, மெதுவா, மெதுவா" என்று நடிகர் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு வாய் வாயாகப் புகட்டினார். பாதி சட்டையில் சிந்தியது. பாதி உள்ளே போயிற்று.

காலரைப் பிடித்த லிப்ட்காரரின் கை அப்படியே விரல் மடங்கி நின்றது. மாடியில் சத்தம் அடங்கியிருந்தது. அவர்களில் ஒருவன், "ஆம்புலன்சுக்குச் சொல்லவாங்க?" என்று மேலிருந்து கேட்டான். பையன், "கொஞ்சம் இருங்க, தேவைப்பட்டா சொல்றேன்" என்று கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

மகள் சித்தப்பாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவனுடைய கண்ணில் பார்வை வந்தது. பிறகு உதடு ஈரமானது. சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் அண்ணனிடம் வந்து நின்றான். நாக்கு தெளிந்து அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அண்ணே, நான் குடிக்கலண்ணே."

லிப்ட்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி, சம்பந்தியம்மாள், எதிர்வீட்டு மாடி, எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பியின் தலையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதார். வெட்கத்தில் அழுதாரா, தம்பி பிழைத்தானே என்று அழுதாரா, குடிக்கவில்லையே என்று அழுதாரா, அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் ஒன்று நகர்ந்தது மட்டும் நிச்சயம்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, சட்டை மாற்றி, அண்ணி சோறு போட்டுக் கொடுத்தாள். சாப்பிடச் சாப்பிட விஷயம் வெளியே வந்தது. அக்கா வீட்டுக்குப் போய் இறங்கியதும் நேரே மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறான்.

"டேங்க்ல ஒரு சொட்டுகூட ஒழுகலண்ணே. அக்காகிட்ட கேட்டா முழிக்கறாங்க. 'நான் போனே பண்ணலையேடா'ன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சது. கோவத்துல அப்படியே திரும்பிட்டேன். பஸ்ல பாதி வழியில உடம்பு ஆட ஆரம்பிச்சது. பக்கத்துல இருந்தவர் மேல சாஞ்சிட்டேன். 'காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான்'னு இறக்கி விட்டுட்டாங்க. அங்கேருந்து நடந்தேன். செருப்பு எங்க போச்சுன்னு தெரியல."

"ஏன்பா?" என்று மகள் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். ஒரே வார்த்தை. "சித்தப்பாவை ஏன் அனுப்பினீங்க?"

லிப்ட்காரர் நடிகரைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். இவர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

நடிகரின் மனைவி குறுக்கே புகுந்தாள். "விடும்மா. எங்க வீட்டுக் கதையைக் கேட்டா நீ சிரிப்பே. இவர் ஒரு வாரமா சரியாத் தூங்கல. 'அவங்களைக் கேலி பண்ணியே சம்பாதிச்சவன் நான், அந்த வீட்ல என்னை வாசப்படியிலேயே நிறுத்திடுவாங்க'ன்னு புலம்பல். சட்டையை நாலு தடவை மாத்தினார். ஏன் கேளு. வெள்ளைச் சட்டை போட்டா நடிக்கிற மாதிரி இருக்காம், கலர் சட்டை போட்டா அந்த வேஷம் மாதிரி இருக்காம்!"

லிப்ட்காரரின் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "எங்க வீட்ல இவர் வினிகர் பாட்டிலை மோந்து பாத்துக்கிட்டு நின்னார்" என்று போட்டுடைத்தாள். அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பிக்குப் புரையேறியது. அண்ணி தலையில் தட்டினாள்.

சிரித்து முடித்த பிறகு லிப்ட்காரர் கேட்டார், "எப்படிங்க உடனே கண்டுபிடிச்சீங்க? கூடப் பொறந்த எனக்கே தெரியலையே."

நடிகர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் சர்க்கரைங்க. ஒரு படம், வெளியூர்ல ஷூட்டிங். காலையில மாத்திரை போட்டுட்டேன், ஷாட் முடிச்சுட்டு சாப்பிடலாம்னு இருந்தேன். தள்ளிக்கிட்டே போச்சு. கேமரா ஓட ஆரம்பிச்சப்போ தலை சுத்துது, வேர்த்துக் கொட்டுது, வசனம் மறந்துபோச்சு. 'முடியல, யாராவது பிடிங்க'ன்னு நிஜமாவே கெஞ்சறேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. டைரக்டர் கட் சொல்லவே இல்ல. நான் விழுந்தேன். கைதட்டினாங்க."

"ஐயையோ. அப்புறம்?"

"மேக்கப் அம்மா முகத்தைத் துடைக்க வந்தவங்க, தொட்டுப் பாத்துட்டு அலறினாங்க. அதனால பொழைச்சேன். அந்த ஷாட்டைத்தான் படத்துல வச்சாங்க. இன்னமும் டிவியில அடிக்கடி போடுறாங்க. அது வந்தா என் பையன் மட்டும் எழுந்து வெளியே போயிடுவான்."

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லிப்ட்காரருக்கு அந்தக் காட்சி தெரியும். மண் ரோட்டில் இரண்டு கையையும் நீட்டிக் கெஞ்சிக்கொண்டே விழுகிற காட்சி. இதே கூடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 'இப்படியுமா ஒருத்தன் எங்களைக் கேவலப்படுத்துவான்' என்று கருவிக்கொண்டே டிவியை அணைத்திருக்கிறார். அந்த ஆள் அங்கே செத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அங்கேயே நின்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. இன்று காலரைப் பிடித்து இழுத்த தனக்கே தெரியவில்லை.

தம்பி தட்டை ஓரமாக வைத்துவிட்டு நடிகரை உற்றுப் பார்த்தான். அப்போதுதான் முகம் பிடிபட்டதுபோல் இருந்தது.

"நீங்கதானா அது! ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா நினைக்காதீங்க. அந்த ஆள் குடிச்சிட்டு எங்க போவான்?"

"எங்கன்னா?"

"வீடு, வீடு. கடையிலேருந்து வெளியே வர்றான், விழறான். அப்புறம் அவனைக் காட்டவே மாட்டாங்க. நான் குடிச்சிட்டு வந்தா அண்ணி திட்டிக்கிட்டே கதவைத் திறப்பாங்க. அண்ணன் திரும்பிப் படுத்துப்பார், ஆனா தூங்கமாட்டார். இவ அப்போ சின்னப் பொண்ணு, போர்வை கொண்டாந்து போடுவா. அவனுக்கு யாருமே இல்லையா?"

நடிகர் இதற்கு வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் தொழிலே அதுதான். ஆனால் அவர், "யாரும் எழுதலீங்க" என்றார். "நானும் கேட்டதில்ல."

பிறகு, சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது என்பதுபோல் சேர்த்துக்கொண்டார். "இப்பவும் ஒண்ணு வந்திருக்கு. ஒரு சீரியல். அதே பேர், அதே பாட்டில். சரின்னு சொல்லிட்டேன். இந்த முகத்துக்கு வேற எதுவும் தரமாட்டேங்கறாங்க. உங்ககிட்ட மறைச்சுட்டு சம்பந்தம் பேசக்கூடாது பாருங்க."

எல்லாரும் லிப்ட்காரரைப் பார்த்தார்கள். காலையில் இதைக் கேட்டிருந்தால் அவர் கும்பிட்டு வாசலைக் காட்டியிருப்பார். இப்போது கோபத்தைத் தேடிப் பார்த்தார், கைக்கு அகப்படவில்லை. அவர் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"பண்ணுங்க, பண்ணுங்க. வயித்துப் பாடுல்ல. ஆனா அவனுக்கு ஒரு வீடு கேளுங்க. ஒரு அண்ணி இருந்தாக்கூடப் போதும்."

"அண்ணி வேஷத்துக்கு நான் வரேன்" என்றாள் லிப்ட்காரரின் மனைவி. "எனக்கு வசனமே எழுதித் தர வேண்டாம். பழைய பாக்கியே நிறைய இருக்கு."

"கேக்கறேன்" என்றார் நடிகர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதை அவர் மனசுக்குள் எங்கேயோ எடுத்து வைத்துக்கொண்டார் என்று லிப்ட்காரருக்குத் தோன்றியது. கேட்பாரா, கேட்டால் தருவார்களா, அதெல்லாம் கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு தடவை இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது என்று நடிகர் பிடிவாதமாகச் சொன்னார். அவருடைய காரிலேயே போனார்கள். பையன் ஓட்டினான், முன் சீட்டில் நடிகர், பின் சீட்டில் அண்ணனும் தம்பியும். கேட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டுப் பையன்கள் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். முகம் விழுந்திருந்தது. ஒருவன் எங்கேயோ தேடி, தம்பியின் தொலைந்த செருப்பைத் தெருக்கோடியிலிருந்து எடுத்து வந்திருந்தான். லிப்ட்காரர் அதை வாங்கிக்கொண்டார். திட்ட நினைத்து வாயெடுத்தவர், "தம்பிக்கு உடம்பு சரியில்லப்பா. சாப்பிடாம இருந்துட்டான், அதான்" என்றார். அதைத் தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழ, குரலைத் தாழ்த்தாமல் சொல்ல முடிந்ததே அவருக்குப் புதிதாக இருந்தது.

டாக்டர் பரிசோதித்தார். புது மாத்திரை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று பாதியாகக் குறைத்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்க வேண்டும், இன்று ராத்திரி யாராவது கூடப் படுத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். "நல்ல வேளை, உடனே பாத்தீங்க. குடிச்சிருக்கான்னு விட்டிருந்தா ஆளே கிடைச்சிருக்கமாட்டார்" என்றபோது லிப்ட்காரர் தம்பியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் தாழ்ந்த குரலில், "என்னை மன்னிச்சுடுடா" என்றார். "அட, விடுண்ணே" என்றான் தம்பி. இருவரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசித் தீர்க்கிற பழக்கம் அந்த அண்ணன் தம்பிக்கு எப்போதுமே கிடையாது.

வீட்டில் பெண்கள் அதற்குள் பாதிக் கல்யாணத்தை முடித்து வைத்திருந்தார்கள். முதலில் பதிவு, பிறகு சர்ச்சில் ஒரு ஜெபம், சாப்பாட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே மண்டபம். தேதி மட்டும் ஆண்களிடம் கேட்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள், மரியாதைக்காக. லிப்ட்காரர் எந்தத் தேதி சொன்னாலும் தலையாட்டினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கார் கிளம்பியது. தம்பி உள்ளே கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். லிப்ட்காரர் வாசலில் நின்று, காலையில் கவிழ்ந்த பூந்தொட்டியை நிமிர்த்தி, மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

"என்ன, தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "பசிக்குது. ஏதாவது இருக்கா?"